ஒரு பேக்கேஜுக்கு மட்டும் பீட்டா: லினக்ஸ் பேக்கேஜ் மேனேஜர்கள், ஒரு பயனரின் மதிப்பீடு

லினக்ஸில் ஒரு மென்பொருளின் பீட்டா பதிப்பை, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகத் தருவதை, நிறுவுவது பெரிய வித்தை இல்லை. மென்பொருள்களை (பேக்கேஜ்களை) நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் உதவும் எல்லா பேக்கேஜ் மேனேஜர்களும் அதற்கு ஏதோ ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றன. என் கேள்வி வேறு. மற்ற எதையும் தொடாமல் இந்த ஒன்றை மட்டும் புதிதாக்கு என்று சொல்ல முடிகிறதா? சொன்னதை அது அடுத்த மாதமும் ஞாபகம் வைத்திருக்கிறதா? போதும் என்று தோன்றினால் பழைய பதிப்புக்குத் திரும்ப விடுகிறதா? இதில் மூன்றாவதில்தான் பெரும்பாலானவை தடுமாறுகின்றன. நான் புழங்கிய பேக்கேஜ் மேனேஜர்களை இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து இங்கே எடைபோடுகிறேன். வேகம், அழகு, எத்தனை பேக்கேஜ் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

நான் நிரல் எழுதுகிற ஆள் இல்லை. தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். பீட்டா எனக்கு எதற்கு என்று கேட்டால், ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் காட்டுவேன். அதன் 1.4 வரிசையில் தமிழ் ஒழுங்காக வராது. 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் தம் இடத்தில் நிற்காது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தின் துணையோடு நம்மைப் போன்ற எழுத்து முறைகளுக்கு ஆதரவு கிடைத்தது 2017இல் வந்த 1.5.3இல். ஸ்கிரைபஸ் கணக்கில் இரண்டாவது எண் ஒற்றைப்படையாக இருந்தால் அது வளர்ச்சிப் பதிப்பு, இரட்டைப்படை என்றால் நிலையான பதிப்பு. அடுத்த நிலையான பதிப்பான 1.6.0 வந்தது 2024 ஜனவரியில். நடுவில் ஆறரை வருடத்துக்கு மேல், தமிழில் வேலை செய்கிறவருக்கு நிலையான பதிப்பு உதவாத பதிப்பு. உதவுகிற பதிப்பு, அன்றாட வேலைக்கு அல்ல என்று ஒட்டி வைத்திருந்த பதிப்பு. பீட்டா கேட்கிறவர்களை எல்லாம் ஆர்வக் கோளாறு பிடித்தவர்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் (இவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள்) பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டில் இருந்து தொடங்குகிறேன். வேலைக் கணினியில் ஓடுவது அதுதான். அதனால் அதன் மேல் பாசமும் எரிச்சலும் சரிபாதி.

டெபியனில் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள், எக்ஸ்பெரிமென்டல் என்று அடுக்குகள் உண்டு. எந்த அடுக்கில் இருந்து எதை எடுப்பது என்பதை ஆப்ட் எண்களை வைத்து முடிவு செய்கிறது. சாதாரணக் களஞ்சியத்துக்கு (ஒவ்வொரு அடுக்கும் பேக்கேஜ்களைச் சேர்த்து வைத்த ஒரு களஞ்சியம்) 500. ஏற்கெனவே கணினியில் இருக்கும் பதிப்புக்கு 100. தன்னிடமிருந்து எதையும் தானாக எடுக்காதே என்று தன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கும் எக்ஸ்பெரிமென்டலுக்கு 1. எண் பெரிதாக இருக்கும் பதிப்பு ஜெயிக்கும். எண் சமமாக இருந்தால் புதிய பதிப்பு ஜெயிக்கும். 1000ஐத் தொட்டுவிட்டால் பதிப்பைக் கீழிறக்கவும் ஆப்ட் தயங்காது. சூத்திரம் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் ஆப்ட் செய்வது எல்லாம் புரியும், தெரியாவிட்டால் ஒன்றுமே புரியாது.

வேடிக்கை என்னவென்றால், பெயரைக் கேட்டால் எக்ஸ்பெரிமென்டல்தான் பயமாக இருக்கிறது. ஆனால் அதைக் களஞ்சியப் பட்டியலில் சேர்த்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது. 1 என்ற எண் அதைக் கட்டிப்போட்டிருக்கும். அன்ஸ்டேபிளுக்கு அந்தக் கட்டு கிடையாது, அதற்கும் 500தான். எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அதைச் சேர்த்துவிட்டு முழு அப்கிரேட் கொடுத்தால், மொத்தக் கணினியும் அன்ஸ்டேபிளாகிவிடும். ஒரே ஒரு பேக்கேஜுக்காக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். ஆப்ட் தடுக்காது. நீண்ட ஒரு பட்டியலைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். எண்டர் தட்டினால் தீர்ந்தது.

ஒரு பேக்கேஜை மட்டும் மேலடுக்கில் இருந்து எடுக்க இரண்டு வழி. பேக்கேஜ் பெயரை அடுத்து ஒரு சாய்கோடு போட்டு எக்ஸ்பெரிமென்டல் என்று எழுதலாம். அல்லது மைனஸ் டி என்று கொடுத்து எக்ஸ்பெரிமென்டலைக் குறிப்பிடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. மைனஸ் டி அந்த ஒரு கட்டளைக்காக எக்ஸ்பெரிமென்டல் முழுவதற்கும் 990 கொடுத்துவிடுகிறது, அதனால் புதிதாக வரவேண்டிய சார்புகளும் (அந்த பேக்கேஜ் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) அங்கிருந்தே வரிசை கட்டும். சாய்கோடு கொஞ்சம் அடக்கமானது. கேட்ட பேக்கேஜை எடுக்கும், அது நிற்க வேறு வழியில்லை என்றால் மட்டும் கூட ஒன்றிரண்டை அழைத்து வரும். நான் எப்போதும் சாய்கோடு கட்சி. அப்படிக் கொடுத்துவிட்டு, வரும் பட்டியலை வரி வரியாகப் படிப்பேன். அதில் சி நூலகம் தலைகாட்டினால் அந்த முயற்சியை அத்தோடு விட்டுவிடுவேன். கணினியில் இருக்கும் ஏறத்தாழ எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. ஒரு வரைகலை மென்பொருளுக்காக அதை மாற்றுவது, மாடியில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை. இப்படிக் கலந்து கட்டிய கணினிக்கு டெபியன்காரர்களே ஃபிராங்கன்டெபியன் என்று பெயர் வைத்து, செய்யாதீர்கள் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

சரி, வந்துவிட்டது, வேலை செய்கிறது. அடுத்த கேள்வி, ஞாபகம். இங்கேதான் ஆப்ட் என் பொறுமையைச் சோதிக்கிறது. எக்ஸ்பெரிமென்டலில் இருந்து ஒரு முறை எடுத்த பேக்கேஜுக்கு அங்கே அடுத்த பீட்டா வந்தாலும் அது நம்மிடம் வராது. கணக்கைப் பாருங்கள்: நம்மிடம் இருப்பதற்கு 100, புதிதாக வந்திருப்பதற்கு 1. பழையது ஜெயிக்கிறது. ஸ்டேபிளில் இருப்பதற்கு 500 என்றாலும் அது பதிப்பில் தாழ்ந்தது, ஆப்ட் கீழே இறக்காது. ஆக, நாம் எடுத்த அன்றைய பீட்டாவிலேயே, அதன் பிழைகளோடும் ஓட்டைகளோடும், ஸ்டேபிள் நம்மைத் தாண்டிப் போகும் வரை உட்கார்ந்திருப்போம். அது வருடக் கணக்காகலாம். பாதுகாப்புத் திருத்தமும் அந்தப் பதிப்புக்கு என்று தனியாக வராது. திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. அப்டேட் கொடுத்தால் எல்லாம் சமீபத்திய நிலையில் இருப்பதாகவே ஆப்ட் சொல்லும்.

இது கவனிக்காமல் விட்ட குறை இல்லை என்பதற்கு பேக்போர்ட்ஸ் களஞ்சியமே சாட்சி. பெரும்பாலும் டெஸ்டிங்கில் இருக்கும் பேக்கேஜ்களை ஸ்டேபிளின் நூலகங்களோடு பொருந்துமாறு மறுபடி தொகுத்துத் தரும் இடம் அது. அதற்கு எண் 100. நிறுவியிருப்பதற்கும் 100. சமமாக இருப்பதால் புதியது ஜெயிக்கும் என்ற விதி வேலை செய்கிறது: நாமாகக் கேட்காத வரை எதுவும் வராது, ஒரு முறை கேட்டுவிட்டால் அந்தப் பேக்கேஜுக்கான புதியவை தொடர்ந்து வரும். ஒரு எண்ணைச் சரியாக வைத்ததில் எத்தனை பிரச்சினை தீர்கிறது பாருங்கள். ஆப்ட்டில் எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்பு இதுதான். ஆனால் பேக்போர்ட்ஸில் கிடைப்பது பெரும்பாலும் முழுதாக வெளியான பதிப்பு. அசல் பீட்டா வேண்டும் என்றால் எக்ஸ்பெரிமென்டல் பக்கம்தான் போக வேண்டும்.

அதற்கு நான் வைத்திருக்கும் வழி, ப்ரிஃபரன்ஸ் கோப்பு. மூன்று வரி: பேக்கேஜ் பெயர், எதோடு கட்டிப்போடுவது, என்ன எண். பலரும் இரண்டாவது வரியில் களஞ்சியத்தின் பெயரை எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் இன்று 3.0 பீட்டாவுக்காக வந்தவர், நாளை 3.1 ஆல்ஃபாவுக்கும் தானாக இழுத்துப் போகப்படுவார். நான் பதிப்பு எண்ணை எழுதி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவேன். 3.0 என்று எழுதி நட்சத்திரம் போட்டால், 3.0இன் பீட்டா, இறுதி வெளியீடு, அப்புறம் வரும் 3.0.2 எல்லாம் பட்டியலில் உள்ள எந்தக் களஞ்சியத்தில் இருந்தாலும் வரும், 3.1 வராது. எண் 600 போதும், ஸ்டேபிளின் 500ஐத் தாண்டிவிடுகிறது. டீஃபால்ட் ரிலீஸ் என்ற அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 600 போதாது. அங்கே ஸ்டேபிளுக்கு 990 ஆகிவிடுவதால் அதற்கு மேல் கொடுக்க வேண்டும். சில பேக்கேஜ்களின் பதிப்பெண்ணுக்கு முன்னால் ஒரு எண்ணும் முக்காற்புள்ளியும் இருக்கும், அதையும் சேர்த்து எழுதாவிட்டால் பொருந்தாது.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாது. என் பெரிய புகார் இது. களஞ்சியப் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும், இப்படி ஒன்றுமே இல்லையே என்று ஆப்ட் கேட்காது. மௌனமாகக் கடந்து போகும். கோப்பை எழுதிய கையோடு ஆப்ட் பாலிசி கட்டளையைக் கொடுத்து எண் மாறியிருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கட்டளையின் விடை ரத்தினச் சுருக்கம்: எது நிறுவியிருக்கிறது, எது அடுத்து வரும், ஒவ்வொன்றும் எங்கிருந்து, என்ன எண். அதை மட்டும் படிக்கப் பழகிக்கொண்டால் மேலே சொன்னது எல்லாம் பாதி நேரத்தில் புரியும்.

திரும்பி வரும் வழி ஆப்ட்டில் சுமார். பதிப்பு எண்ணைச் சொல்லிக் கீழிறக்கலாம், சாய்கோடு போட்டு ஸ்டேபிள் என்றும் சொல்லலாம். ஆனால் கீழிறக்குவதற்கு டெபியன் பொறுப்பேற்பதில்லை. பேக்கேஜுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் முன்னே போவதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பல சமயம் ஒன்றும் கெடாது, சில சமயம் அமைப்புக் கோப்பு புதிய வடிவத்திலேயே இருந்துகொண்டு பழைய மென்பொருளைக் குழப்பும். நடுவில் இருந்த பீட்டா ஒன்றுக்குத் திரும்ப வேண்டும் என்றால் கதை இன்னும் நீளம். களஞ்சியத்தில் அது இருக்காது, டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் தேட வேண்டும். ஆப்ட் என்ற கட்டளை, நிறுவி முடித்ததும் இறக்கிய கோப்பை அழித்துவிடுகிறது. பழைய ஆப்ட்-கெட் அழிக்காமல் வைத்திருக்கும். பீட்டா நிறுவும்போது மட்டும் நான் ஆப்ட்-கெட் அடிப்பதற்குக் காரணம் அந்தப் பழைய கோப்புகள்தான். டெபியன் 13உடன் வந்த ஆப்ட் 3.0இல் திரையின் நிறமும் பட்டியலின் அடுக்கும் அழகாகிவிட்டன. செய்ததைத் திரும்பப் பெறு என்ற ஒரு கட்டளைதான் அதில் இல்லை. பத்துக்கு ஏழு கொடுக்கலாம். ப்ரிஃபரன்ஸ் கோப்பு பேசாமல் இருப்பதற்காக ஒன்று குறைத்து ஆறு.

வழியில் ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லாமே அதில்தான் நிற்கிறது. பீட்டாவில் இருந்து வெளியேறும் மிக நல்ல வழி, இறுதிப் பதிப்பு வந்ததும் தானாக அதற்கு மாறிவிடுவது. அதற்கு, 3.0 ஆர்சி1 (இறுதி வெளியீட்டுக்குச் சற்று முந்தைய சோதனைப் பதிப்பு) என்பது 3.0ஐ விடச் சிறியது என்று கணினிக்குத் தெரிய வேண்டும். டெபியனிலும் ஃபெடோரா போன்றவற்றின் ஆர்பிஎம் உலகிலும் வெறுமனே 3.0க்குப் பின்னால் ஆர்சி1 என்று ஒட்டினால் அது 3.0ஐ விடப் பெரியது என்று கணக்காகும். இறுதிப் பதிப்பு வந்தாலும் பீட்டாதான் புதிது என்று அடம் பிடிக்கும். அதற்காகத்தான் நடுவில் டில்டே என்ற அலைக்கோட்டைப் போடுகிறார்கள். அலைக்கோடு எதை விடவும் சிறியது, வெற்றிடத்தை விடவும் சிறியது என்பது விதி. ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேன் மட்டும், எண்ணோடு ஒட்டி வரும் எழுத்துகளைத் தானே சிறியதாக எடுத்துக்கொள்கிறது, அலைக்கோடு வேண்டாம். யாரோ தெருவோரக் களஞ்சியம் நடத்துகிறவர் தரும் பீட்டாவை எடுக்கும் முன் நான் பார்ப்பது இந்த ஒரு குறியைத்தான். அது இல்லாவிட்டால் அவருக்கு நம்மைத் திருப்பி அனுப்பும் எண்ணமே இல்லை என்று அர்த்தம்.

ஜென்டூ என்ற டிஸ்ட்ரோவின் போர்டேஜுக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. அக்செப்ட் கீவேர்ட்ஸ் என்று ஒரு கோப்பு. எந்த பேக்கேஜுக்குச் சோதனை நிலையில் இருப்பதை ஏற்கிறோம் என்று வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். சமக்குறி போட்டு ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டும் அனுமதி தரலாம். அந்தப் பதிப்பை விடப் பெரிய ஒன்று நிலையானதாக அறிவிக்கப்பட்டதும், நாம் ஒன்றும் செய்யாமலே அதற்குப் போய்விடுவோம். அந்த வரி செத்த வரியாகக் கோப்பில் கிடக்கும். முன்னதாகவே திரும்ப வேண்டுமா? வரியை அழித்துவிட்டு அப்டேட் கொடுத்தால் போர்டேஜ் தானே கீழே இறக்கிவிடும். அனுமதி என்பது ஒரு வரி, அனுமதியை விலக்கிக்கொள்வது அந்த வரியை அழிப்பது. வேறு எங்கும் இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. பக்கத்திலேயே ஏன் இதை எடுத்தேன் என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கலாம். சார்புகளுக்கும் அனுமதி வேண்டியிருந்தால் எந்தெந்த வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று அதுவே எழுதித் தரும்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜென்டூவில் சோதனை நிலை என்பது பெரும்பாலும் பேக்கேஜ் செய்முறை சோதனையில் இருக்கிறது என்று பொருள். மென்பொருளை எழுதியவர்கள் பீட்டா என்று வெளியிட்டது வேறு. அது பல நேரம் முகமூடி போட்டு மறைக்கப்பட்டிருக்கும், அதைத் திறக்க இன்னொரு கோப்பு. இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பது எனக்குச் சரி என்றே படுகிறது. டெபியனின் அன்ஸ்டேபிளில் இருப்பதும் பெரும்பாலும் முறையாக வெளியான பதிப்புகள்தான். டிஸ்ட்ரோவுக்குப் புதிது என்பதையும் எழுதியவருக்கே முடியாதது என்பதையும் ஒரே கூடையில் போடுவதால்தான், பீட்டா என்றாலே உடையும் என்ற பயம் வருகிறது.

ஜென்டூவின் விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மூல நிரலில் இருந்து மென்பொருளை நம் கணினியிலேயே தொகுக்கும் நேரம். 2023 டிசம்பரில் இருந்து ஏற்கெனவே தொகுத்த ஆயத்த பைனரிகளும் தருகிறார்கள், பாரம் குறைந்திருக்கிறது. அப்படியும் நெருக்கடியான வேலை நாளில் என் கணினி மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. விஷயத்துக்கு ஒன்பது, அன்றாட வாழ்க்கைக்கு ஐந்து.

சிறிய ஆச்சரியம் ஆல்பைனின் ஏபிகே. களஞ்சியப் பட்டியலில் எட்ஜ் என்ற வளர்ச்சி நிலைக் களஞ்சியத்தின் வரிக்கு முன்னால் அட் குறி போட்டு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். அப்புறம் நிறுவும்போது பேக்கேஜ் பெயரோடு அந்த அட் குறிப் பெயரை ஒட்டினால் போதும். பெயர் வைத்த களஞ்சியத்தில் இருந்து வேறு எதுவும் தானாக வராது. சார்புகளைக்கூட முடிந்தவரை பழைய களஞ்சியத்தில் இருந்தே தேடும், முடியாதபோதுதான் எட்ஜைத் தொடும். நாம் சொன்னது வேர்ல்ட் என்ற கோப்பில் அப்படியே பதிவாகிவிடுவதால் ஞாபகப் பிரச்சினையும் இல்லை. எண்ணும் கிடையாது, சூத்திரமும் கிடையாது. நிலையான ஆல்பைனில் எட்ஜைக் கலப்பது உங்கள் பொறுப்பு என்று அவர்களும் எச்சரிக்கிறார்கள், அது நியாயம். மேசைக் கணினியில் இதை நான் வைத்துக்கொள்ளவில்லை, சின்ன சர்வர் வேலைக்கு மட்டும். எட்டு.

ஆர்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அது இந்த விளையாட்டுக்கே வரவில்லை. அரைகுறை அப்கிரேடுக்கு ஆதரவு இல்லை என்பது அதன் கொள்கை. டெஸ்டிங் களஞ்சியம் வேண்டுமானால் முழுதாக இயக்கு, இல்லாவிட்டால் விடு. பேக்மேன் பதிப்பைக்கூடப் பார்க்காது, அமைப்புக் கோப்பில் எந்தக் களஞ்சியம் மேலே எழுதியிருக்கிறதோ அதுதான் முந்தும். களஞ்சியப் பெயரைச் சொல்லி ஒன்றை மட்டும் எடுக்க முடியும், ஆனால் உடைந்தால் யாரும் அனுதாபப்பட மாட்டார்கள். நேர்மையான பதில் என்பதால் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு உதவாது, அவ்வளவுதான்.

ஃபெடோராவின் டிஎன்எஃப்பில் அப்டேட்ஸ்-டெஸ்டிங் என்ற களஞ்சியம் தயாராகவே இருக்கும், நிலையான வெளியீட்டில் அணைத்து வைத்திருப்பார்கள். ஒரு கட்டளைக்கு மட்டும் அதை இயக்கி ஒரு பேக்கேஜை எடுக்கலாம். குறிப்பிட்ட அறிவிப்பு எண்ணைச் சொல்லி, அதில் அடங்கிய பேக்கேஜ்களை மட்டும் ஒரே கொத்தாக எடுக்கவும் முடியும். நான் மிகவும் மதிப்பது அதற்கு அடுத்த படியை: சோதித்த பேக்கேஜ் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று போதி என்ற தளத்தில் கர்மா கொடுக்கலாம், அந்தக் கர்மாவை வைத்து அது எல்லோருக்கும் போவது முன்னே பின்னே ஆகும். பீட்டா எடுத்தவரின் அனுபவத்துக்கு ஓர் எண் மதிப்பு கிடைப்பது இங்கேதான். டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ என்று திரும்பும் கட்டளையும் உண்டு, பெயரைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அப்டேட்ஸ் களஞ்சியத்தில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருப்பார்கள். அதனால் நேற்று இருந்த பதிப்பு இன்று அங்கே இல்லாமல் போகலாம், அப்போது அன்டூ கையை விரித்துவிடும். கதவில் 'வெளியே' என்று எழுதியிருக்கிறது, சில நாள் பூட்டியிருக்கிறது. ஏழு.

நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரை ஒரு பத்தியில் முடிக்கிறேன், அதற்கு நியாயம் செய்ய இந்தக் கட்டுரை போதாது. ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கென்று ஹாஷ் எண் தாங்கிய தனி அடைவில், தன் நூலகங்களைத் தானே சுட்டிக்கொண்டு நிற்பதால், நிலையான கணினியில் அன்ஸ்டேபிள் பேக்கேஜ் ஒன்று தன் சொந்த சி நூலகத்தோடு யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடும். பழைய தலைமுறைக்கு, அதாவது முந்தைய நிறுவல் நிலைக்கு, திரும்புவது ஒரு கட்டளை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மற்ற எல்லோரும் தீர்க்கப் பார்க்கும் பிரச்சினை இங்கே பிறக்கவே இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு மொழியைக் கற்க வேண்டும். அந்த மொழியைக் கற்கும் நேரத்தில் இரண்டு புத்தகத்துக்குப் பக்கம் கட்டிவிடலாம் என்று தோன்றியதால் நான் வெளியே வந்துவிட்டேன்.

ஸ்னாப் என்ற பேக்கேஜ் மேனேஜரை லினக்ஸ்காரர்கள் பலர் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் பதிப்புத் தேர்வை ஒரு சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரி வைத்திருப்பது அதுதான். ஸ்டேபிள், கேண்டிடேட், பீட்டா, எட்ஜ் என்று நான்கு அபாய நிலைகள். ஸ்னாப் இன்ஃபோ என்று கேட்டால் ஒவ்வொரு நிலையிலும் எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, எவ்வளவு பெரிது என்று அட்டவணை வரும். பீட்டாவில் தற்சமயம் ஒன்றும் இல்லை என்றால் மேல்நோக்கி ஓர் அம்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு மேலே உள்ள பாதுகாப்பான நிலையில் இருப்பதுதான் வரும். பீட்டா முடிந்துபோனால் பயனர் நடுத்தெருவில் நிற்க வேண்டாம் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தோமோ அதை அது மறக்காது. ரிவர்ட் கொடுத்தால் முந்தைய பதிப்புக்குப் போகும், பதிப்போடு சேர்ந்த தரவும் கூடவே பழைய நிலைக்குப் போகும், அந்தக் கெட்ட பதிப்பைத் தானாக மறுபடி கொண்டு வராது. ஆப்ட்டிடம் நான் கேட்டது அத்தனையும் இங்கே இருக்கிறது.

குறையும் உண்டு. நான்கு நிலை என்பது பேக்கேஜ் வெளியிடுபவர் ஒழுங்காகப் பயன்படுத்தினால்தான் நான்கு. எல்லாவற்றையும் ஸ்டேபிளிலேயே கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எட்ஜைப் பல மாதம் தொடாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை தானாகப் புதுப்பிக்கப் பார்ப்பது எட்ஜில் இருப்பவருக்குத் தலைவலி. வேலை நடக்கும் நாட்களில் ஹோல்ட் போட்டு நிறுத்தி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்னாப்கள் கிடைக்கும் இணையக் கடையின் பின்புறம் ஒரே நிறுவனத்தின் கையில் மூடியே இருக்கிறது என்ற வருத்தம் தனி. பதிப்புத் தேர்வுக்கு மட்டும் மதிப்பெண் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால் மனமில்லாமல் எட்டரை.

பிளாட்பேக் இதே வேலையைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் செய்கிறது. அதன் பொதுக் களஞ்சியமான பிளாட்ஹப்புக்குப் பீட்டா என்று தனிக் களஞ்சியம், அதை நாமே சேர்க்க வேண்டும். படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் 3.0 வெளியானது 2025 மார்ச்சில்; அதற்கு முன்னோட்டமான 2.99 வரிசையையும் 3.0 ஆர்சிக்களையும் பலரும் பார்த்தது இந்தப் பீட்டா களஞ்சியம் வழியாகத்தான். நிலையான கிளையும் பீட்டா கிளையும் ஒரே நேரத்தில் கணினியில் இருக்க முடியும் என்பது பெரிய சௌகரியம். பழையதை இழக்காமல் புதியதைத் தொட்டுப் பார்க்கலாம். மெனுவில் மட்டும் ஏதாவது ஒன்றுதான் தெரியும், எது என்பதை மேக்-கரன்ட் என்ற கட்டளை தீர்மானிக்கும், மற்றதைக் கிளைப் பெயர் சொல்லி டெர்மினலில் ஓட்ட வேண்டும். செயலிக்கென்று பிளாட்பேக் ஒதுக்கும் தரவு அடைவு இரண்டு கிளைக்கும் பொது என்பது பலருக்குத் தெரியாது. பீட்டா அதில் எழுதிய அமைப்பை நிலையான பதிப்பு நாளைக்குப் படிக்க வேண்டியிருக்கும். அந்த அடைவை முன்னதாகவே நகல் எடுத்து வைப்பது நல்லது. ஏழரை.

டெர்மினல் பக்கமே வராதவர்களுக்கு என்ன இருக்கிறது? டெபியன் குடும்பத்தில் சினாப்டிக் என்ற பழைய செயலியில் ஃபோர்ஸ் வெர்ஷன் என்று ஒரு மெனு உண்டு. பேக்கேஜைச் சொடுக்கினால் எந்தெந்தக் களஞ்சியத்தில் எந்தெந்தப் பதிப்பு என்று பட்டியல் திறக்கும், வேண்டியதை எடுக்கலாம். முகம் பழையதுதான், புத்தி கூர்மை. கேனோம் சாஃப்ட்வேரில் மூலத்தை மாற்றும் சின்னப் பெட்டி இருக்கிறது, அதில் பீட்டா களஞ்சியம் தெரியும். ஆனால் இவை எதிலுமே, இந்தப் பதிப்பை எடுத்தால் திரும்பி வர வழி இருக்கிறதா என்ற ஒரு வரி கிடையாது. பீட்டா பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது அபாயச் சின்னமா? எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

கடைசியாக, இந்த மென்பொருள்கள் எதுவும் காப்பாற்றாத ஒன்று இருக்கிறது: நம் ஆவணங்கள். ஸ்கிரைபஸ் 1.5இல் சேமித்த கோப்பை 1.4 திறக்காது. போர்டேஜில் வரியை அழித்தாலும், ஸ்னாப்பில் ரிவர்ட் கொடுத்தாலும், மென்பொருள்தான் பின்னே போகும். அதற்குள் முந்நூறு பக்கக் கோப்பு புதிய வடிவத்துக்கு மாறியிருந்தால் அது அங்கேயே நிற்கும். அதனால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 1.7 வளர்ச்சி வரிசையை நான் எந்த பேக்கேஜ் மேனேஜரிடமும் கேட்பதில்லை. ஸ்கிரைபஸ்காரர்களே தரும் ஆப்இமேஜை (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கி, நிலையான 1.6க்குப் பக்கத்தில் தனியாக ஓட்டுகிறேன். தானாகப் புதுப்பிக்காது, மெனுவிலும் வராது, அது பரவாயில்லை. வாடிக்கையாளருக்குப் போகும் கோப்பு 1.6இலேயே இருக்கும், 1.7இல் திறப்பது எல்லாம் பெயரில் பதிப்பு எண் சேர்த்த நகல்.